தூளடுப்பில் வைத்த விருந்து

அந்த வருஷங்களில் களைப்பாக இருக்கிறது என்று எங்கள் தெருவில் யாரும் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? ராஜபாளையத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் பாதி வீடுகள் மில் தொழிலாளிகளின் வீடுகள். எந்த நேரத்தில் பார்த்தாலும் பாதித் தெரு தூங்கிக்கொண்டிருக்கும். பகல் பதினோரு மணிக்கு ஒருத்தி அம்மியைத் தட்டினால், நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து படுத்தவன் அடுத்த வீட்டிலிருந்து எழுந்து வந்து சண்டை போடுவான். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. சாயங்காலம் அவன் பெண்டாட்டி அரைக்கும்போது நாம் தூங்கிக்கொண்டிருப்போம்.

என் வீட்டுக்காரர் ஒரு மில்லில் புளோரூமில் வேலை பார்த்தார். பஞ்சுப் பொதிகளைப் பிரித்து மெஷினில் போட்டு அடித்துத் தூசி நீக்கும் இடம் அது. எப்போதும் நைட் ஷிப்ட்தான். நான் வேறொரு மில்லில் கோன் வைண்டிங்கில், நூலைக் கூம்புகளில் சுற்றுகிற இடத்தில், காலை ஷிப்ட். அவருக்குத் திங்கட்கிழமை லீவு, எனக்கு வெள்ளிக்கிழமை, எங்கள் ஒரே மகளுக்குப் பள்ளிக்கூடம் ஞாயிற்றுக்கிழமை லீவு. இப்படி யோசித்து யோசித்து வைத்தவர்கள் நன்றாக இருக்கட்டும். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். அவர் வரும்போது நான் போய்விடுவேன். நான் வரும்போது அவர் தூக்கத்தில் இருப்பார். ஒரே பாயில் அவர் எழுந்த சூட்டில் நான் போய்ப் படுப்பேன், அவ்வளவுதான் எங்கள் குடித்தனம்.

எங்களுக்குச் சோறு போட்டது தூளடுப்புத்தான். பெரிய தகர டின்னின் அடிப்பக்கத்தில் ஒரு ஓட்டை போட்டு, நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, அந்த ஓட்டை வழியாக ஒரு கட்டையைச் செருகி, சுற்றிலும் மரத்தூளைக் கொட்டிக் கெட்டியாக இடிக்க வேண்டும். பிறகு பாட்டிலையும் கட்டையையும் மெதுவாக உருவி எடுத்தால் நடுவில் ஒரு குழி நிற்கும். கீழே தீயை வைத்துவிட்டுச் சட்டியை மேலே ஏற்றிவிட்டால் போதும். முதலில் கொஞ்சம் எரியும், அப்புறம் சத்தமில்லாமல் கனன்றுகொண்டே கிடக்கும். ஊத வேண்டாம், தள்ள வேண்டாம், பக்கத்தில் ஆளே வேண்டாம். காலையில் பற்றவைத்துவிட்டுப் போனால் மத்தியானம் வரை அதுபாட்டுக்கு வேகும். மரம் அறுக்கிற மில்லில் சாக்கோடு தூள் கிடைக்கும். மற்ற வீட்டுப் பெண்கள் அதில் வெந்நீர்தான் போடுவார்கள். நான் பருப்பும் குழம்பும் வைப்பேன். மில்லில் நின்று நூல் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போது, வீட்டில் குழம்பு தானாக வெந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பு எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருஷம் ஆவணியில் என் நாத்தனாருக்குக் கல்யாணம் ஆனது. மாமியார் உயிரோடு இல்லை. அவளைப் பாவாடை சட்டையிலிருந்து பார்த்தது நான்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்க்கிற பையனுக்குக் கொடுத்தோம். கல்யாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளையை அழைத்துக் கோழி அடித்துப் போடுவதுதான் முறை. ஆனால் அதற்குள் புரட்டாசி வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் அந்த மாசம் முழுக்கக் கவிச்சி கிடையாது. சனிக்கிழமைதோறும் குடும்பத்தோடு அவர்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கிற திருவண்ணாமலைப் பெருமாள் மலைக்கு ஏறுகிறவர்கள். அதனால் ஐப்பசி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஜவுளிக்கடையில் தீபாவளி வியாபாரம் தொடங்கிவிட்டால் அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தோது.

எனக்கோ ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட். நான் அப்போது டெம்பரவரி. இடையில் லீவு போடாமல் வந்தால் தைக்குப் பிறகு நிரந்தரம் பண்ணிவிடுவோம் என்று மேனேஜர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். ஒரு நாள் விட்டாலும் மறுபடி முதலிலிருந்துதான். எனக்கு முன்னால் அப்படி ஒரு நாளில் கோட்டை விட்டவர்கள் இருந்தார்கள். ஒருத்தி மகளுக்குக் காய்ச்சல் என்று நின்றாள். அதோடு போயிற்று.

இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னதும் அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் சொந்தக்காரர்கள் வாயில் விழுவதற்கு ரொம்பப் பயப்படுவார்.

"மொத விருந்துக்கு வாற மாப்பிள்ளைய வாசல்ல நின்னு வான்னு கூப்பிட வீட்டுல பொம்பள இல்லன்னா, ஊரு என்ன பேசும்?" என்றார்.

"நீங்க கூப்பிடுங்க. சோறு நான் ஆக்கி வச்சுட்டுப் போறேன். நீங்க எந்திரிச்சு எலை போட்டா போதும். மூணரைக்கெல்லாம் நான் வந்துருவேன்" என்றேன்.

"தூளடுப்புலயா? கோழியா?"

"ஆமா. கெழட்டுச் சேவல் அதுலதான் நல்லா வேகும்."

அவர் அடுப்படிக்குள் எட்டித் தூளடுப்பைப் பார்த்தார். பிறகு சொன்னார், "சரி. பாப்போம். மாப்பிள்ளைக்குச் சோறு நேரத்துக்குப் போச்சுன்னா நீ ஒன் வேலைக்குப் போ, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். அன்னைக்கு மானம் போச்சுன்னு வையி, அதோட மில்ல விட்டுரணும்."

எனக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று சொன்னால் அது பொய். கால் வீங்கும், காதுக்குள் மெஷின் சத்தம் வீட்டுக்கு வந்த பிறகும் ஓடும். ஆனால் அவர் ஒருத்தர் சம்பளத்தில் ஓட்டிவிடலாம் என்று அவர் சொல்வதில் ஒரு சிக்கல் இருந்தது. ஓட்டலாம்தான், அவர் வாரம் முழுக்க ஓவர்டைம் பார்த்துக்கொண்டே இருந்தால். ஏற்கெனவே சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே கண் செருகுவார். அதையும் அவரிடம் சொன்னால், ஆம்பிளையால் முடியாதா என்று அதற்கொரு கோபம் வரும்.

கூமாப்பட்டியிலிருந்து சைக்கிளில் கோழி கொண்டுவருகிறவரிடம் நல்ல தாட்டியான சேவலாகச் சொல்லிவைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் உரித்து வெட்டி, மஞ்சளும் உப்பும் பிசறி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு ஒரு வதக்கு வதக்கி மூடிவைத்தேன். மல்லி, வத்தல், மிளகு, சீரகம், சோம்பு எல்லாம் வறுத்து வழுவழுவென்று அரைத்தாயிற்று. ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. தூள் ஈரமாகிவிட்டால் அடுப்பு வெறுமனே புகைந்தே செத்துப்போகும். அதனால் நல்ல வெயில் அடித்த நாளிலேயே தூளைச் சலித்து, மாடியில் காயவைத்து, சாக்கில் கட்டி, அடுப்படியில் பலகையின் மேல் ஏற்றிவைத்திருந்தேன். பச்சைப் பிள்ளையைக்கூட நான் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

ஞாயிறு விடியுமுன் எழுந்து தூளை இடித்தேன். கை வலிக்க வலிக்க இடித்தேன். அரைத்ததைக் கரைத்து மண்சட்டியில் கோழியோடு ஊற்றி, மூடியைச் சுற்றிப் பிசைந்த மாவை அப்பி, அடுப்பில் ஏற்றினேன். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சோற்றை வடித்துத் துணியில் சுற்றிவைத்தேன். ரசம் வைத்தேன். வாழையிலையை நறுக்கி நனைத்து வைத்தேன். மகளை எழுப்பிப் பல் விளக்கவைத்துப் பக்கத்து வீட்டில் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வீட்டு டிவி முன்னால்தான் தெருப்பிள்ளைகள் மொத்தமும் கிடக்கும். கதவைச் சாத்திவிட்டு மில்லுக்கு நடந்தபோது சட்டி லேசாகத் தளதளக்கத் தொடங்கியிருந்தது. இனி என் கையில் ஒன்றும் இல்லை என்று இருந்தது.

அன்றைக்கு ஷிப்ட் நகரவே இல்லை. பன்னிரண்டு மணிக்கு, இப்போது வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மணிக்கு, இப்போது இலையில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து மெஷின்காரி, "என்னக்கா, தானா சிரிக்கீங்க?" என்று கேட்டாள். "எங்க வீட்டுல இன்னைக்கு விருந்து. நான் மட்டுந்தான் இல்ல" என்றேன்.

ஷிப்ட் விட்டதும் ஓட்டமும் நடையுமாக வந்தேன். தெருமுனை திரும்பும்போதே என் வீட்டுப் பக்கமிருந்து மண்ணெண்ணெய் வாடை வந்தது. மூன்றரை மணிக்கு என் வீட்டில் ஸ்டவ் எரிய வேண்டிய வேலை என்ன? வாசலுக்கு ஓடினேன்.

முன்னறையில் மாப்பிள்ளை முழுக்கைச் சட்டையோடு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பசியில் முகம் சுண்டிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கக்கா" என்று என் வீட்டிலேயே என்னை வரவேற்றார். என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுப்படியில் என் நாத்தனார் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஸ்டவ்வுக்கு முன்னால் குத்தவைத்திருந்தாள்.

"மதினி, கறி ரப்பரா இருந்துச்சு. நாங்க வந்ததுல இருந்து வேகுது. இப்பந்தான் பதம் வந்திருக்கு" என்றாள்.

"தூளடுப்பு என்னாச்சுட்டி?"

"நாங்க வரும்போதே அணைஞ்சு கெடந்துச்சு. சட்டி ஆறிப்போயிருந்துச்சு. அண்ணன் தூங்கிக்கிட்டு இருந்தாவ. வீட்டுல இருந்த எண்ணெயும் தீந்துபோயி பக்கத்து வீட்டுல வாங்கி ஊத்துனேன்."

மாப்பிள்ளைச் சோறு தின்ன வந்தவள் மூன்று மணி நேரமாகப் புகையில் உட்கார்ந்து சமைத்திருக்கிறாள். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. கையைக் கழுவிவிட்டு இலை போட்டேன். சோறு ஆறியிருந்தது. மாப்பிள்ளையும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்தார்கள். குழம்பை ஊற்றினேன். மாப்பிள்ளை நல்ல பிள்ளை. "கறி நல்லாருக்குக்கா, பசிச்சுத் தின்னா தனி ருசிதான்" என்று சொன்னார். அதோடு விட்டிருக்கலாம்.

என் வீட்டுக்காரர் இலையைப் பார்த்தபடியே சொன்னார், "இவ ஈரத் தூளப் போட்டு இடிச்சுட்டுப் போயிட்டா மாப்ளே. வேலைக்கு ஓடுற அவசரம். நானும் எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேன். இந்த மாசத்தோட நிக்கச் சொல்லிட்டேன். நின்னுருவா."

எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்த பேச்சு அதுவரை வீட்டுக்குள் இருந்தது. புது மாப்பிள்ளையின் முன்னால் சொன்ன பிறகு அது குடும்பத்தின் வாக்கு. இனி அவரே நினைத்தாலும் மாற்ற மாட்டார். அதைவிட, ஈரத் தூள் என்று சொன்னாரே, அதுதான் என்னை எரித்தது. அந்தத் தூளை நான் காயவைத்ததும் கட்டிக் காத்ததும் அவருக்குத் தெரியாதா? தெரியாதுதான். அப்போதெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தார்.

கரண்டியைக் கீழே வைத்தேன். அடுப்படிக்குப் போய் தூளடுப்பைத் தூக்கிக்கொண்டு பின்பக்க முற்றத்துக்குப் போனேன். கனமாக இருந்தது. கவிழ்த்துத் தட்டினேன். மேல்பாதி கரியும் நீரும் குழைந்து சேறாக விழுந்தது. டின்னின் சுவரோரத்தில் இருந்த தூள், தீ எட்டாதது, பொலபொலவென்று மாவைப்போலக் கொட்டியது. அதில் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வந்து என் வீட்டுக்காரரின் இலைக்குப் பக்கத்தில் தரையில் வைத்தேன்.

"இது ஈரமா? தொட்டுப் பாருங்க" என்றேன்.

அவர் தொடவில்லை.

"மேல மட்டும் சேறா இருக்கு. யாரோ தண்ணி ஊத்திருக்காவ. வீட்டுல இருந்தது நீங்க ஒருத்தருதான்."

மாப்பிள்ளையின் முன்னால் புருஷனை நிற்கவைத்துக் கேட்கிறாளே என்று நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் முழுக்கப் பேசினாலும் பேசட்டும் என்ற கோபத்தில் நின்றேன். என் நாத்தனார் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். என் வீட்டுக்காரர் கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. அந்தத் தூளைப் பார்த்தார்.

"நாந்தான் ஊத்துனேன்" என்றார்.

"ஏன்?"

"வேணும்னு ஊத்தல. வந்து படுத்தேன். செத்த நேரந்தான் கண்ணசந்திருப்பேன். கருகுற வாடை வந்துச்சு. பொதிக்குள்ள பஞ்சு கனலுதுன்னு எந்திரிச்சேன்."

அவர் சொல்வது எனக்குப் புரிந்தது. மில்லில் எங்கள் எல்லோருக்கும் உள்ள பயம் அது. பஞ்சுக்குள் விழுந்த பொறி வெளியே தெரியாது. உள்ளேயே கனன்று கனன்று திடீரென்று மொத்தமாகப் பிடிக்கும். வாடை வந்ததும் யோசிக்காமல் ஊற்ற வேண்டும் என்பது புளோரூம்காரர்களின் கையில் ஊறிய பழக்கம்.

"தண்ணி வாளி கைக்குக் கெடச்சுச்சு. ஊத்துனேன். ஊத்திட்டு மேஸ்திரிகிட்டச் சொல்லணும்னு ஓடுனேன். கதவத் தெறந்தா நம்ம தெரு. வெயிலு அடிக்குது. ஒரு பொம்பள தண்ணிக்கொடத்தோட போறா. நான் வாசல்ல வெறும் வாளியோட நிக்கேன்." அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "எங்க நிக்கேன்னு எனக்குப் பிடிபட கொஞ்ச நேரமாச்சு. பொறவு வெக்கமா இருந்துச்சு. யாருகிட்டச் சொல்லுறது? வந்து படுத்துட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே" என்று என் நாத்தனார் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் ஜெயித்துவிட்டேன். பல மாசமாக ஜெயிக்க நினைத்த சண்டை. ஆனால் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. எட்டு வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷன் தன் வீட்டு அடுப்பை அடையாளம் தெரியாமல் நின்றிருக்கிறார். நானோ அது தெரியாமல் கோன் மாற்றிக்கொண்டு, விருந்து நடக்கிறது என்று சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னேன். தரையிலிருந்த தூளை அள்ளி எடுத்தேன். அவர் இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாய்க்குக் கை போகவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார், எச்சில் கையோடு. நான் ஈரத்துணியால் கையைத் துடைத்துவிட்டேன். நாத்தனார் தலையணை கொண்டுவந்தாள். மாப்பிள்ளை தோளைப் பிடித்து மெதுவாகச் சாய்த்துப் படுக்கவைத்தார். அவர் விழிக்கவே இல்லை.

பிறகு நானும் நாத்தனாரும் பக்கத்து வீட்டிலிருந்து வந்த என் மகளும் அடுப்படியில் உட்கார்ந்து, தணிந்த குரலில் பேசிக்கொண்டு மீதியைச் சாப்பிட்டோம். கறி நன்றாகத்தான் இருந்தது. சாயங்காலம் அவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, பிறந்த வீட்டிலிருந்து அண்ணனிடம் சொல்லாமல் எப்படிப் போவது என்று நாத்தனார் தயங்கினாள். "எழுப்பாத, வா" என்றார் மாப்பிள்ளை. என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க வேலைக்குப் போங்க. இதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றார். அவள், விழித்துவிடுவார் என்று அண்ணன் காலைத் தொடாமல் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். நான் குங்குமம் வைத்துவிட்டேன்.

விளக்கு வைத்த பிறகு வாசலில் சைக்கிள் மணி கேட்டது. என் வீட்டுக்காரரோடு ஒரே மெஷினில் வேலை பார்க்கிற ஒரு அண்ணன். தினமும் வந்து கூப்பிட்டுக்கொண்டு இரண்டு பேருமாகப் போவார்கள். அவர் முகத்திலும் அன்றைய பகல் தூக்கம் பாதியில் நின்றிருந்தது.

"அவிய இன்னைக்கு வரல" என்றேன்.

"லீவா? இந்த வாரம் ஓவர்டைம் எல்லாம் போயிருமேம்மா."

"போகட்டும். நான் போறேன்ல வேலைக்கு."

அவர் எட்டி உள்ளே பார்த்தார். "மேலுக்கு முடியலையா? காய்ச்சல்னு சொல்லிருதேன்."

"காய்ச்சல் இல்லண்ணே. தூங்குறாவ. தூங்குறாவன்னே சொல்லுங்க."

மில்லில் அதைக் காரணமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, என் வீட்டுக்காரர் வாய் பிளந்து படுத்திருப்பதையே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கே தோன்றியது.

"குடுத்து வச்ச மனுசன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போனார்.